'ரவுண்' இல்லாமல் ஒரு நகரம் வாழுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 'ரவுண்' என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பருத்தித்துறையில் இருந்தாலும் வேலணையில் இருந்தாலும் "ரவுணுக்குப் போட்டு வாறன்" என்று ஒருவர் சொன்னால், அவர் எங்கே போகிறார் என்பது கேட்பவருக்கு விளங்கும். பஸ் நிலையம், போதனா வைத்தியசாலை, நவீன சந்தை, கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, மின்சார நிலைய வீதி ஆகியவையும் அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் குறுக்கு வீதிகளுமே ரவுண். மாநகர சபையின் எல்லை சுமார் 20 சதுர கிலோமீற்றர். அதற்குள் ரவுண் என்பது நடந்தே சுற்றி முடித்துவிடக்கூடிய ஒரு சிறு துண்டு.

அந்தச் சிறு துண்டு பற்றி இப்போது இரண்டு விதமான பேச்சுக்கள் கேட்கின்றன. ஒன்று, ரவுண் நெரிந்துபோய்விட்டது, வாகனம் நிறுத்த இடமில்லை, அலுவலகங்களையும் பஸ்களையும் வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது. மற்றது, ரவுண் களையிழந்து போகிறது, இரவு எட்டு மணிக்கே இருண்டுவிடுகிறது, அதை அழகுபடுத்தி உல்லாசப் பயணிகளை இழுக்க வேண்டும் என்பது. இரண்டு பேச்சுக்களுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஒரு நகரம் செழிக்க, அதன் நடுவில் உயிர்ப்பான ஒரு மையம் கட்டாயம் வேண்டுமா?

நகரத் திட்டமிடல் பற்றிய எழுத்துக்களில் இதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் பதில்கள் உண்டு. அவற்றை அப்படியே இங்கே பொருத்துவதைவிட, சில நகரங்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு வருவது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

மையம் இல்லாமல் வளர்ந்த நகரம், மையத்தைக் கட்டியும் தளர்ந்த நகரம்

மையம் இல்லாமலே ஒரு நகரம் வளரலாம் என்று வாதிடுபவர்கள் முதலில் காட்டுவது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த நகரத்தின் பழைய மையம் மங்கிக்கொண்டே போனது. கடைகளும் அலுவலகங்களும் திரையரங்குகளும் மேற்கே நகர்ந்தன. ஹொலிவூட், செஞ்சுரி சிற்றி, சான்ரா மொனிக்கா என்று பல மையங்கள் உருவாகின. நகரம் வறுமைப்படவில்லை. உலகின் பெரிய நகரப் பொருளாதாரங்களில் ஒன்றாகவே வளர்ந்தது. ஆனால் அந்த வளர்ச்சிக்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. வீட்டுக்கு ஒரு காராவது வேண்டும். கார் இல்லாதவருக்கு அந்த நகரத்தில் வேலை தேடுவதும் மருத்துவரிடம் போவதும் அரை நாள் பயணமாக மாறியது. நெடுஞ்சாலைகளுக்கு அள்ளிக் கொட்டிய நகரம், பின்னர் சுரங்க ரயிலுக்கும் தரைவழி ரயிலுக்கும் மீண்டும் செலவழிக்க வேண்டியதாயிற்று.

எதிர்ப்பக்கத்தில் டெட்ரொயிட் இருக்கிறது. 1950இல் அதன் சனத்தொகை ஏறத்தாழ 18 இலட்சத்து 50 ஆயிரம். கார்த் தொழிற்சாலைகள் வெளியேறின. வெள்ளையர்களில் பெரும்பகுதியினர் புறநகர்களுக்குப் போனார்கள். நகரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று 1970களில் ஆற்றங்கரையில் வானுயர்ந்த கோபுரக் கட்டடத் தொகுதி ஒன்றை எழுப்பினார்கள். அதன் பெயரே 'மறுமலர்ச்சி மையம்' என்ற பொருள் தருவது. 1987இல் நகர மையத்தைச் சுற்றி ஓடும் உயர்த்தப்பட்ட சிறு ரயிலும் வந்தது. ஆனால் மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 2013 ஜூலையில் நகரம் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. அதன் பிறகு மையப் பகுதி உண்மையாகவே உயிர்பெற்றது. உணவகங்களும் அலுவலகங்களும் வந்தன. அந்தப் பளபளப்புக்குள் நிற்பவருக்கு நகரம் மீண்டுவிட்டது என்றே தோன்றும். ஆனால் 2020 கணக்கெடுப்பில் சனத்தொகை ஏறத்தாழ 6 இலட்சத்து 39 ஆயிரமாகக் குறைந்திருந்தது.

ஆக, மையம் மங்கினாலும் நகரம் வளரலாம் என்பதற்கு லொஸ் ஏஞ்சல்ஸ் சாட்சி. மையம் மினுங்கினாலும் நகரம் சுருங்கலாம் என்பதற்கு டெட்ரொயிட் சாட்சி. இதோடு கேள்வி முடிந்துவிட்டது என்று சொல்லலாம். நம்முடைய நாட்டுக்குள் வந்தால் அவ்வளவு இலகுவில் முடியாது.

கொழும்பில் இரண்டு மையங்கள்

கொழும்புக் கோட்டைக்கு என்ன நடந்தது என்பதை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் நன்றாக அறிவார்கள். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. 1997 ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்துக்கு அருகே இன்னொரு குண்டுவெடிப்பு. அதன் பிறகு கோட்டையின் பல வீதிகள் சோதனைச் சாவடிகளுக்குப் பின்னால் போய்விட்டன. கம்பனிகள் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, இராஜகிரிய பக்கம் அலுவலகங்களைத் திறந்தன. மாலை ஐந்து மணிக்குப் பிறகு கோட்டையில் ஆள் நடமாட்டம் இல்லை. அந்த ஆண்டுகளிலும் கொழும்பு நின்றுவிடவில்லை. காலி வீதி நீளத்துக்கு வியாபாரம் பெருகியது.

ஆனால் கோட்டையை அடுத்துள்ள புறக்கோட்டையைக் கவனியுங்கள். அதே ஆண்டுகளில், அதே சோதனைகளுக்கு நடுவில், புறக்கோட்டை ஒரு நாளும் அடங்கவில்லை. குறுக்குத் தெருக்களில் துணி, செட்டியார் தெருவில் நகை, உள்ளே போனால் பலசரக்கு மொத்த வியாபாரம். நாட்டின் எல்லாத் திசைகளுக்கும் பஸ் புறப்படும் நிலையங்களும் கோட்டை ரயில் நிலையமும் அதன் வாசலில் இருந்தன. வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் சிறு வியாபாரி காலையில் இறங்கி, சரக்குப் பிடித்து, இரவு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பலாம்.

கோட்டை, அதிகாரத்துக்கும் பெரிய பணத்துக்கும் உரிய மையம். புறக்கோட்டை, பஸ்ஸில் வரும் மக்களின் மையம். முதலாவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தும் நகரம் தாங்கியது. கம்பனி முகாமையாளருக்குக் கார் இருந்தது, தொலைபேசி இருந்தது, வேறு இடத்தில் வாடகை கட்டப் பணம் இருந்தது. இரண்டாவது முடங்கியிருந்தால் கொழும்பு மட்டுமல்ல, வவுனியாவிலும் ஹற்றனிலும் இருக்கும் கடைகளும் சேர்ந்தே முடங்கியிருக்கும். ஒரு நகரத்துக்கு மையம் தேவையா என்று கேட்கும்போது எந்த மையத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

மையம் செய்யும் வேலை

ஒரு நகர மையம் மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, பல தேவைகளை ஒரே பயணத்துக்குள் அடக்குவது. நெடுந்தீவிலிருந்து ஒருவர் போதனா வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படகேறிக் குறிகாட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். கிளினிக் முடிந்ததும் பார்மசியில் மருந்து, வங்கியில் ஒரு வேலை, பிள்ளைக்குக் கொப்பி, மீன் வலைக்கு நூல். எல்லாம் முடித்துக் கடைசிப் படகுக்குத் திரும்ப வேண்டும். வைத்தியசாலையும் பஸ் நிலையமும் சந்தையும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் மட்டுமே இது ஒரு நாளில் முடிகிறது. இவற்றில் இரண்டை மூன்று மூன்று கிலோமீற்றர் தள்ளி வைத்தால், அவருக்கு முச்சக்கர வண்டிக் காசு இரண்டு மடங்கு. படகைத் தவறவிட்டால் இன்னொரு நாள். கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

இரண்டாவது, சிறு வியாபாரத்துக்கு இடம் கொடுப்பது. ஒரு தையல்கடையோ மணிக்கூடு திருத்தும் கடையோ விளம்பரம் செய்து ஆட்களைக் கூப்பிட முடியாது. வேறு வேலைக்கு வந்தவர்கள் போகும் வழியில் கண்டு உள்ளே வரவேண்டும். பக்கத்தில் பத்து நகைக்கடை இருப்பது பதினோராவது நகைக்கடைக்கு நட்டமில்லை, இலாபம். வாங்க வருபவர் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்தத் தெருவுக்கு வருகிறார். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடை தன் வாசலில் வாகனம் நிறுத்த இடம் வைத்திருப்பதால் தனியாகவே பிழைக்கும். சிறு கடைக்கு அப்படி முடியாது.

மூன்றாவது, முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் காண்பது. ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சாதியும் குடும்பமும் தெரியும். ரவுணில் அந்தக் கணக்கு சற்றுத் தளரும். தேநீர்க்கடையில் பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்காமல் இருந்து குடிக்கலாம். 1961இல் வெளிவந்த தன் நூலில் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் நகரத் தெருக்களைப் பற்றி வாதிட்டது ஏறத்தாழ இதைத்தான். பல வகைத் தேவைகளுக்காகப் பல வேளைகளில் பலர் நடமாடும் தெருதான் பாதுகாப்பாகவும் செழிப்பாகவும் இருக்கும் என்றார் அவர். எங்கள் சமூகத்தில் அதற்கு இன்னும் ஒரு பெறுமதி இருக்கிறது. ஊரின் கண்ணுக்கு வெளியே மனிதர் சமமாக நிற்கக்கூடிய சில இடங்களில் ரவுணும் ஒன்று. அந்தச் சமத்துவம் அரைகுறையானது என்பதை நான் மறுக்கவில்லை.

இடம் மாறிய மையம்

யாழ்ப்பாணத்தின் மையம் எப்போதும் இன்றைய இடத்தில் இருக்கவில்லை. யாழ்ப்பாண அரசின் தலைநகர் நல்லூர். 1619இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றிய பின்னர் கடலோரத்தில் கோட்டை கட்டி அதிகாரத்தை அங்கே நகர்த்தினார்கள். கப்பல் வந்து போக வேண்டும், முற்றுகை வந்தால் கடல் வழியாக உதவி வர வேண்டும் என்பதே அவர்களுடைய கணக்கு. 1658இல் வந்த ஒல்லாந்தர் கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள். கோட்டைக்குக் கிழக்கே பிரதான வீதியை அண்டிப் பறங்கியர் குடியிருப்பு வளர்ந்தது. வடக்கே வண்ணார்பண்ணைப் பக்கம் சைவ வணிகர்கள் குடியேறினார்கள். வைத்தீஸ்வரன் கோவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எழுந்தது. கோட்டைக்கும் வண்ணார்பண்ணைக்கும் இடையில் பெரியகடை. மேற்கே முஸ்லிம்களின் சோனகத் தெரு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயிலும், பிறகு பஸ்ஸும் வந்தபோது இந்தப் பகுதிகளெல்லாம் சேர்ந்து இன்றைய ரவுணாகின.

நல்லூர் அதனால் அழிந்துபோகவில்லை. ஆவணி மாதத்தில் 25 நாள் திருவிழா நடக்கும்போது குடாநாட்டின் மையம் நல்லூர்தான். ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் மருந்து வாங்கவும் காசு மாற்றவும் ஆட்கள் ரவுணுக்குத்தான் வருகிறார்கள். கோவில் மையமும் கடை மையமும் வேறு வேறு இடங்களில் இருந்துகொண்டே ஒரு நகரம் நானூறு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது.

போர் ஒரு பரிசோதனை செய்தது

யாரும் விரும்பாத ஒரு பரிசோதனையையும் இந்த நகரம் கண்டிருக்கிறது. மையத்தை அழித்துவிட்டால் என்ன நடக்கும் என்ற பரிசோதனை. 1981 மே 31 இரவும் அதைத் தொடர்ந்த நாட்களிலும் பொது நூலகம் எரிந்தது. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் சந்தைப் பகுதிக் கடைகளும் எரிந்தன. 1990இல் கோட்டை முற்றுகையின்போது ரவுணின் தென்பகுதி குண்டுவீச்சில் சிதைந்தது. மாநகர மண்டபம் இடிந்தது. மாநகர சபை பின்னர் நல்லூரிலிருந்து இயங்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சோனகத் தெருவிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் விரட்டப்பட்டார்கள். இரும்புக்கடை, தையல், நகை என்று ரவுணின் வியாபாரத்தில் பெரும் பங்கு வைத்திருந்த கைகள் ஒரே நாளில் இல்லாமல் போயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது.

மையம் சிதைந்த அந்த ஆண்டுகளில் வியாபாரம் உள்ளே நகர்ந்தது. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், நெல்லியடி, சாவகச்சேரி, கொடிகாமம் ஆகிய சந்தைகள் மக்களைத் தாங்கின. பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலம். சைக்கிள் ஓடும் தூரமே உலகம். பல சிறு மையங்கள் அருகருகே இருந்ததால் குடாநாடு பிழைத்தது. 'ரவுண் இல்லாமலும் நாங்கள் வாழ்ந்தோம்' என்று ஒருவர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அது உயிர் தப்பிய கதை. செழித்த கதை என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

மாநகர எல்லைக்குள் 1981இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 18 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 88 ஆயிரம். போர் முடிந்த பின்னரும் நகரம் தன் பழைய ஆட்களை மீட்கவில்லை. ஆனால் ரவுண் மீண்டது. 2009இல் ஏ-9 வீதி திறந்தது. 2014 ஒக்டோபரில் ரயில் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி வீதியில் பல மாடி வணிகத் தொகுதிகள் எழுந்தன. நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய நிதியுதவியில் கட்டப்பட்ட கலாசார மண்டபம் 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. யாரும் திட்டமிட்டு அழைக்காமலே வியாபாரிகள் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். வைத்தியசாலையும் பஸ் நிலையமும் அங்கே இருந்ததே அதற்குப் பெரிய காரணம்.

பகலில் நெரிசல், இரவில் இருட்டு

இன்றைய ரவுணின் பிரச்சினை பகலில் ஆள் இல்லாமை அல்ல. காலை பத்து மணிக்குக் கஸ்தூரியார் வீதியைக் கடந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்குகிறது. கடைகள் இரும்புக் கதவை இழுத்துவிடும். உள்ளூர்ப் பஸ்கள் ஓய்ந்துவிடும். வைத்தியசாலை வாசலிலும் கொழும்பு பஸ் புறப்படும் இடத்திலும் மட்டும் வெளிச்சம்.

இதற்கு 'எங்கள் சனம் நேரத்தோடு படுக்கும்' என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது போதாது. ரவுணில் வசிப்பவர்கள் குறைவு என்பதே முதற் காரணம். கடைக்கு மேல் வீடு என்ற பழைய வழக்கம் போரோடு பெருமளவு போய்விட்டது. கட்டடங்களின் மேல்மாடிகள் களஞ்சியமாக இருக்கின்றன, அல்லது பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்களில் பலர் வெளிநாட்டில். ஒரு காணிக்கு நாலைந்து பங்காளிகள். தேசவழமைச் சட்டத்தின்படி பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முன்வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் வழக்கு வரலாம். ஒருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் லண்டனிலும் இருந்தால் ஒரு கையெழுத்துக்கே ஆண்டுக்கணக்கில் இழுபடும்.

இரண்டாவது காரணம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. யாழ்ப்பாண நகரத்துக்கு மத்திய கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. ஒவ்வொரு கட்டடமும் தன் மலக்குழியைத் தானே வைத்திருக்கிறது. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். குழியில் ஊறுவது அதன் வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றை அடையும். சிறு காணியில் ஐந்து மாடி எழுப்பி இருபது குடும்பங்களைக் குடியேற்றினால் அந்தக் கழிவு எங்கே போகும்? 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் வழியாகத் தண்ணீர் வருவது நல்லதுதான். ஆனால் உள்ளே வரும் தண்ணீர் கூடும்போது வெளியே போகும் கழிவுநீரும் கூடும். நடைபாதைக்குக் கல் பதிப்பதும் விளக்குக் கம்பம் நடுவதும் கண்ணுக்குத் தெரியும் வேலை. ரவுணில் மீண்டும் மனிதர் வாழவேண்டும் என்றால் முதலில் செய்யவேண்டியது கண்ணுக்குத் தெரியாத இந்த வேலை.

மூன்றாவது காரணம் பஸ். ரவுண் கடைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஊர்களிலிருந்து வரும் இளம் பெண்கள். கடைசி பஸ் ஏழு மணிக்கென்றால் அவர்கள் ஆறரைக்கே வெளிக்கிட வேண்டும். கடை திறந்திருப்பதா பூட்டுவதா என்பதை முதலாளிக்குப் பதிலாகப் பஸ் நேர அட்டவணையே தீர்மானிக்கிறது. ஒன்பது மணிவரை ஊர்ப் பஸ் ஓடினால் ஒன்பது மணிவரை ரவுண் விழித்திருக்கும். கலாசார விழாக்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இரவு பஸ்ஸுக்கு ஒதுக்கிப் பார்த்தால் இது தெளிவாகும்.

மெல்லக் கழன்றுபோகும் துண்டுகள்

ஒரு மையம் ஒரே நாளில் இல்லாமல் போவதில்லை. ஒவ்வொரு அலுவலகமாகக் கழன்று போகும். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். வடமாகாண சபைக் கட்டடம் கைதடியில் கட்டப்பட்டது. காணி இருந்தது, ஏ-9 வீதியில் இருக்கிறது, வாகனம் நிறுத்தலாம். காரில் வரும் அதிகாரிக்கு வசதி. தீவகத்திலிருந்து ஒரு கடிதத்தோடு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ரவுணில் இறங்கி இன்னொரு பஸ் எடுக்க வேண்டும்.

பஸ் நிலைய விவகாரமும் இப்படித்தான். 2021இல் நெடுந்தூரச் சேவைகளுக்கென்று ஒரு புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தனியார் பஸ்களும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களும் ஒரே இடத்திலிருந்து புறப்பட வேண்டுமா என்பதில் இழுபறி நீண்டது. பத்திரிகைகளில் அது இரு தரப்புச் சண்டையாகவே வெளிவந்தது. கொழும்பிலிருந்து விடியற்காலையில் வந்திறங்கும் பயணி, தன் ஊர்ப் பஸ்ஸைப் பிடிக்கப் பொதிகளோடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற கேள்வி அந்தச் சண்டையில் பெரிதாக எழவில்லை.

தனியார் வியாபாரமும் வெளியே நகர்கிறது. காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, கண்டி வீதி ஓரங்களில் சுப்பர்மார்க்கெட்டுகளும் மண்டபங்களும் வாகனத் தரிப்பிடத்தோடு எழுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியிருக்கிறது. கார் கூடக்கூட இந்த நகர்வு வேகமெடுக்கும். இதைத் தடுக்க முடியாது. முழுவதும் தடுக்க வேண்டியதும் இல்லை. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஒரு மையம் வளர்வதும், சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் நல்ல கடைகள் இருப்பதும் மக்களுக்கு நன்மை. எல்லாவற்றுக்கும் ரவுணுக்கே ஓட வேண்டியிருந்த காலம் பொற்காலம் அல்ல.

ரவுண் வியாபாரிகளின் குரலையும் அப்படியே நகரத்தின் குரலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடைபாதை வியாபாரிகளை அகற்றச் சொல்வதிலும் அவர்களில் பலர் முன்னிற்கிறார்கள். மழைக்காலத்தில் ரவுணில் வெள்ளம் நிற்பதற்கு, வாய்க்கால்களுக்கு மேல் நீட்டிக் கட்டிய கட்டடங்களும் ஒரு காரணம். நெரிசல் என்ற முறைப்பாட்டிலும் உண்மை இருக்கிறது. அம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வீதியில் சிக்கி நிற்பதைக் கண்டவர்களிடம் 'நெரிசல் உயிர்ப்பின் அடையாளம்' என்று வசனம் பேச முடியாது.

ஆனால் நெரிசலுக்கு மருந்து எது என்பதில் கவனம் வேண்டும். ஆட்களால் வரும் நெரிசலும் வாகனங்களால் வரும் நெரிசலும் ஒன்றல்ல. ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் வருகிறார்கள். ஐம்பது பேர் தனித்தனிக் காரில் வந்தால் ரவுணே ஒரு தரிப்பிடமாகிவிடும். பஸ்ஸை வெளியே தள்ளிவிட்டுக் காருக்கு இடம் எடுத்தால் வீதி கொஞ்ச நாள் விசாலமாக இருக்கும். பிறகு அந்த இடத்தையும் கார்களே நிரப்பும். அதற்குள் பஸ்ஸில் வந்த ஆட்களை நம்பியிருந்த சிறு கடைகள் பூட்டப்பட்டிருக்கும்.

என் பதில்

நகரம் செழிக்க உயிர்ப்பான மையம் வேண்டுமா என்ற கேள்விக்கு, எல்லாரிடமும் கார் இருக்கும் நகரத்தில் கட்டாயம் இல்லை என்பதே என் பதில். அங்கே மையம் ஒரு ரசனை, ஒரு பெருமை. இழந்தால் கவலைப்படலாம், வாழ்க்கை ஓடும். பெரும்பான்மை பஸ்ஸிலும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பிழைக்கும் குடாநாட்டில் மையம் என்பது வைத்தியசாலையும் சந்தையும் வங்கியும் பஸ்ஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடு. அது சிதறினால் வசதி உள்ளவருக்குப் பத்து நிமிடம் கூடும். இல்லாதவருக்கு ஒரு நாள் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மாநகர சபையின் சொந்த வருமானத்தில் ஆதன வரியும் வியாபார அனுமதிக் கட்டணமும் சந்தைக் கடை வாடகையும் முக்கியமானவை. நெருக்கமாகக் கடைகள் இருக்கும் ஒரு சிறு துண்டு நிலம், அதே அளவான வேறெந்த நிலத்தையும்விடக் கூடுதலாகச் சபைக்கு ஈட்டிக் கொடுக்கிறது. அந்தக் காசில்தான் குருநகரிலும் நாவாந்துறையிலும் குப்பை அள்ளவும் வாய்க்கால் வெட்டவும் வேண்டும். ரவுண் பலவீனப்பட்டால் முதலில் அடிபடுவது ரவுணுக்கு வெளியே இருக்கும் இந்த ஏழைக் குடியிருப்புகள்.

அதனால் ரவுண் பற்றி அடுத்த முறை ஒரு திட்டம் மேசைக்கு வரும்போது, வண்ணப் படங்களில் மரங்களும் நீரூற்றும் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று பார்ப்பதற்கு முன்னர் நாலு கேள்விகளைக் கேட்கலாம். பஸ்ஸில் வருபவர் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் நடக்க வேண்டிய தூரம் கூடுகிறதா, குறைகிறதா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? மலக்குழிக்குப் பதிலாகக் குழாய் எப்போது வரும்? இப்போது அங்கே பிழைக்கும் சிறு கடைக்காரருக்கும் நடைபாதை வியாபாரிக்கும் புதிய கட்டடத்தில் இடம் உண்டா, வாடகை அவர்களால் கட்டக்கூடியதா?

இந்த நாலுக்கும் திட்டத்தில் எழுத்தில் பதில் இருந்தால் அதை ஆதரிக்கலாம். நீரூற்றைப் பற்றி அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.